டிக்கெட்டில் இருப்பது பாதிப் பயணம்தான்: முதன்முதலாக விமானம் ஏறும் நம் கடற்கரைக்காரர்களுக்கு

போன மாதம் பெரியபட்டினத்துப் பையன் ஒருவன் கைப்பேசியை நீட்டி, "காக்கா (அண்ணே), மதுரையிலிருந்து துபாய் ரெண்டே முக்கால் மணி நேரம்தானா?" என்று கேட்டான். டிக்கெட்டைப் பார்த்தேன். புறப்பாடு 12:00, வருகை 14:45. கழித்துப் பார்த்தால் இரண்டே முக்கால்தான் வருகிறது. ஆனால் அந்த விமானம் காற்றில் இருக்கப்போவது நாலே கால் மணி நேரத்தை ஒட்டி. அவன் வீட்டு வாசலிலிருந்து துபாயில் அவன் படுக்கப்போகும் கட்டில் வரை கணக்குப் பார்த்தால் பன்னிரண்டு மணி நேரத்துக்குக் குறையாது.

கீழக்கரை, பெரியபட்டினம், தேவிபட்டினம், தொண்டி என்று நம் ராமநாதபுரம் மாவட்டக் கரையில் தெருவுக்கு நாலு சபுராளிகள், அதாவது வெளிநாடு போய் வருகிறவர்கள், இருக்கிறார்கள். ஆனாலும் முதல் முறை போகிறவனை உட்காரவைத்து இந்தக் கணக்கைச் சொல்லித் தருவதற்கு ஆள் இருப்பதில்லை. விசா, சம்பளம், வேலை என்றே பேச்சு போய்விடுகிறது. துபாயோ சிங்கப்பூரோ லண்டனோ, எந்த ஊருக்கும் நீங்களே தூரத்தையும் நேரத்தையும் கணக்குப் போடும் விதத்தை இங்கே எழுதுகிறேன். ஒரு தாளும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் தூரம்

விமானத் தூரம் என்பது சாலைத் தூரம் போல வளைந்து நெளிந்து வருவதில்லை. பூமி உருண்டையின் மேல் இரண்டு ஊர்களுக்கு இடையே உள்ள மிகக் குறுகிய கோடுதான் அது. பள்ளிக்கூடத்தில் இருக்கும் உருண்டை கிடைத்தால் ஒரு நூலை எடுத்து இரண்டு ஊர்களின் மேலும் இழுத்துப் பிடியுங்கள். உருண்டையின் குறுக்களவு 30 செ.மீ. என்றால், நூலில் ஒரு செ.மீ. சுமார் 425 கி.மீ. சென்னைக்கும் லண்டனுக்கும் நூல் பத்தொன்பது செ.மீ. சொச்சம் வரும். அதுதான் ஏறக்குறைய 8,230 கி.மீ.

உருண்டை இல்லையென்றால் கூகுள் மேப்ஸ் போதும். புறப்படும் விமான நிலையத்தின் மேல் விரலை அழுத்திப் பிடித்து, தூரத்தை அளக்கும் வசதியைத் தேர்ந்தெடுத்து, போகிற விமான நிலையம் வரை நகர்த்தினால் கிலோமீட்டர் வந்துவிடும். "வழி காட்டு" என்பதைத் தொட வேண்டாம். அது சாலையைத் தேடப் போய்விடும்.

நம் கடலோடிகளுக்கு இன்னொரு சுருக்கு வழி உண்டு. படகில் ஜி.பி.எஸ். வைத்திருப்பவர்கள் கடல் மைலில்தான் பேசுவார்கள். விமானிகளும் அதே கடல் மைலில்தான் கணக்குப் போடுகிறார்கள். ஒரு கடல் மைல் 1.852 கி.மீ. அறுபது கடல் மைல் சேர்ந்தால் வடக்கு தெற்காக ஒரு பாகை, அதாவது 111 கி.மீ. பாம்பனில் படகு ஓட்டுகிறவருக்கும் மேலே பறக்கிற விமானிக்கும் அளவுகோல் ஒன்றே என்பது எனக்கு எப்போதும் சந்தோஷம் தரும் விஷயம்.

சுவரில் தொங்கும் தட்டையான உலகப்படத்தை மட்டும் நம்ப வேண்டாம். அதில் சென்னையிலிருந்து நியூயார்க்குக்குக் கோடு போட்டால் அரேபியா, ஆப்பிரிக்கா, அட்லாண்டிக் என்று மேற்கே போகும். உருண்டையில் நூலைப் பிடித்துப் பாருங்கள். வடமேற்காகக் கிளம்பி, மத்திய ஆசியா, ரஷ்யா, ஐஸ்லாந்து பக்கமாக ஏறி இறங்கும். தூரம் சுமார் 13,500 கி.மீ. போகிற ஊர் எவ்வளவு வடக்கே, எவ்வளவு தொலைவில் இருக்கிறதோ அந்த அளவுக்கு இந்த வளைவும் அதிகம். வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் வளைவு பெரிதாகத் தெரியாது.

நம்மவர்கள் அதிகம் போகும் சில ஊர்களின் தூரத்தைத் தோராயமாகத் தருகிறேன். மதுரையிலிருந்து துபாய் 2,950 கி.மீ. திருச்சியிலிருந்து துபாய் 2,940, சிங்கப்பூர் 2,980, கோலாலம்பூர் 2,690. சென்னையிலிருந்து ஜித்தா 4,450. மேற்கே துபாயும் கிழக்கே சிங்கப்பூரும் நமக்கு ஏறக்குறைய ஒரே தூரம் என்பதைக் கவனியுங்கள். அந்தக் காலத்தில் மரக்கலம் விட்டவர்களுக்கு இரண்டு திசையும் ஏன் பழகின என்று இதைப் பார்க்கும்போது தோன்றும்.

தூரத்தை நேரமாக்குவது

பெரிய பயணிகள் விமானம் உயரத்துக்குப் போன பிறகு மணிக்கு 830 முதல் 900 கி.மீ. வரை பறக்கும். ஆனால் ஓடுபாதைக்கு ஊர்ந்து போவதும், ஏறுவதும், இறங்குவதும் மெதுவாகத்தான் நடக்கும். அதனால் நான் வைத்திருக்கும் கணக்கு இது: கிலோமீட்டரை 800-ஆல் வகுத்து, அரை மணி நேரம் கூட்டுங்கள். திருச்சி–துபாய் 2,940-ஐ 800-ஆல் வகுத்தால் 3.7 மணி. அரை மணி கூட்டினால் நாலு மணி பத்து நிமிடம். டிக்கெட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள், பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு மேல் வித்தியாசம் வராது. கோலாலம்பூருக்கு நாலு மணிக்குச் சற்றுக் குறைவு, ஜித்தாவுக்கு ஆறு மணி, லண்டனுக்குப் பத்தே முக்கால் மணி என்று வரும்.

போவதற்கும் வருவதற்கும் நேரம் மாறுவதற்குக் காரணம் காற்று. இதைப் படகுக்காரர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. கச்சான் (மேல்காற்று) எதிர்த்து வீசினால் கரை சேர எவ்வளவு நேரம் ஆகும், அதே காற்று பின்னால் இருந்தால் எவ்வளவு என்று அவர்களுக்குத் தெரியும். பத்துப் பன்னிரண்டு கி.மீ. உயரத்தில், முக்கியமாக வடக்குப் பகுதிகளில், மேற்கிலிருந்து கிழக்காக ஒரு வேகமான காற்றோட்டம் இருக்கிறது. லண்டனிலிருந்து திரும்பும்போது அது விமானத்தைத் தள்ளிவிடும், போகும்போது தடுக்கும். அதனால் போக ஆகிற நேரத்தை விட வர அரை மணி முக்கால் மணி குறையும். துபாய்க்கு இந்த வித்தியாசம் சில நிமிடங்கள்தான்.

நேர்க்கோட்டில் பறக்க முடியாத சந்தர்ப்பங்களும் உண்டு. 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் தன் வான்வெளியை இந்திய விமானங்களுக்கு மூடியதும் டெல்லியிலிருந்து மேற்கே போகும் இந்திய விமானங்கள் சுற்றிக்கொண்டு போக வேண்டி வந்தது. நம் தெற்கிலிருந்து துபாய் போகும் பாதை அரபிக் கடல் மேலாகப் போவதால் அந்தச் சுற்று நமக்கு இல்லை.

கடிகார வித்தியாசம்: தவறு நடக்கும் இடம்

டிக்கெட்டில் அச்சடித்திருக்கும் நேரம் எப்போதும் அந்தந்த ஊர் நேரம். புறப்படும் நேரம் புறப்படும் ஊர்க் கடிகாரப்படி, சேரும் நேரம் சேரும் ஊர்க் கடிகாரப்படி. பெரியபட்டினத்துப் பையன் இதைத்தான் விட்டுவிட்டான்.

துபாய், அபுதாபி, மஸ்கட் நம்மை விட ஒன்றரை மணி நேரம் பின்னால். சவூதி, குவைத், கத்தார், பஹ்ரைன் இரண்டரை மணி நேரம் பின்னால். சிங்கப்பூரும் மலேசியாவும் இரண்டரை மணி நேரம் முன்னால். இலங்கைக்கும் நமக்கும் ஒரே நேரம். இந்த நாடுகளில் வருடம் முழுக்க இதுவே. லண்டன் அப்படியில்லை. மார்ச் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் கடைசி ஞாயிறு வரை நாலரை மணி நேரம் பின்னால், மற்ற மாதங்களில் ஐந்தரை. நியூயார்க், டொராண்டோ என்றால் மார்ச் இரண்டாம் ஞாயிறு முதல் நவம்பர் முதல் ஞாயிறு வரை ஒன்பதரை, மற்ற நாளில் பத்தரை.

நான் செய்வது ஒன்றே ஒன்று. பயணம் முழுவதையும் நம் ஊர் நேரத்துக்கு மாற்றித் தாளில் எழுதிவிடுவேன். துபாயில் 14:45 என்றால் ஒன்றரை கூட்டினால் நமக்கு 16:15. பகல் 12:00 மணிக்குக் கிளம்பி 16:15-க்குச் சேருகிறது, ஆக நாலே கால் மணி. திரும்பும்போது பார்த்தால் துபாயில் 10:00 மணிக்கு ஏறி மதுரையில் 15:30-க்கு இறங்குவதாக இருக்கும். ஐந்தரை மணி என்று பயப்பட வேண்டாம். துபாய் 10:00 என்பது நமக்கு 11:30. பயணம் நாலு மணிதான்.

இப்போது தேதி. இதை நிறுத்தி நிதானமாகப் படியுங்கள்.

என் மச்சான் முதல் முறை சிங்கப்பூர் போனபோது டிக்கெட்டில் "15-ஆம் தேதி 00:40" என்று இருந்தது. 15-ஆம் தேதி ராத்திரி விமானம் என்று வீட்டில் எல்லோரும் பேசிக்கொண்டோம். நானும்தான். அன்று மகரிபு (அந்தித் தொழுகை) தொழுதுவிட்டு, வழியனுப்ப இரண்டு வண்டியில் கிளம்பினோம். திருச்சி விமான நிலைய வாசலில் காவலர் டிக்கெட்டைப் பார்த்துவிட்டு, "தம்பி, இது நேத்து ராத்திரியே போயிடுச்சே" என்றார். விமானம் போய் இருபத்திரண்டு மணி நேரம் ஆகியிருந்தது. புது டிக்கெட்டுக்கு லாத்தா (அக்கா) வளையலை அடகு வைத்தாள். மச்சானின் முகம் அன்று எப்படி இருந்தது என்பது எனக்கு இன்னும் மறக்கவில்லை. இந்தக் கட்டுரையை எழுத வைத்ததே அந்த ராத்திரிதான்.

நள்ளிரவு பன்னிரண்டு அடித்ததும் தேதி மாறிவிடுகிறது. 15-ஆம் தேதி 00:40 என்றால் 14-ஆம் தேதி சாயங்காலமே வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும். நம் கரையிலிருந்து பார்த்தால் நள்ளிரவு விமானம் மட்டுமல்ல, காலை ஏழரை மணிக்கு முன்னால் போகிற எந்த விமானத்துக்கும் முந்தின நாளே கிளம்பியாக வேண்டும். சாலையில் அதிகபட்சமாக நாலு மணி, விமான நிலையத்தில் மூன்று மணி, எதிர்பாராத தாமதத்துக்குக் கைக்காவலாக அரை மணி. டிக்கெட் நேரத்திலிருந்து ஏழரை மணியைக் கழித்துப் பார்த்து, அந்தத் தேதியைத்தான் காலண்டரில் வட்டம் போட வேண்டும். விமானத் தேதியை அல்ல. சேரும் நேரத்தின் பக்கத்தில் "+1" என்று இருந்தால் மறுநாள் போய் இறங்குகிறீர்கள் என்று அர்த்தம்.

எந்த விமான நிலையம்?

நம் மாவட்டத்தில் பயணிகள் விமான நிலையம் கிடையாது. மதுரை, திருச்சி, தூத்துக்குடி, அப்புறம் சென்னை. தூத்துக்குடியில் உள்நாட்டு விமானங்கள் மட்டும்தான். சாயல்குடி பக்கத்தார் சென்னை போய் மாறிக்கொள்ள அது உதவும்.

ராமநாதபுரத்திலிருந்து மதுரை விமான நிலையம் நூற்றுப் பத்து கி.மீ. சொச்சம், கீழக்கரையிலிருந்து நூற்று முப்பதை ஒட்டி வரும். ஊருக்குள் போகத் தேவையில்லை. விரகனூர் ரவுண்டானாவில் சுற்றுச்சாலையைப் பிடித்தால் மண்டேலா நகர் வழியாக நேரே போய்விடலாம். இரண்டரை முதல் மூன்று மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். ராமேஸ்வரத்திலிருந்து 170 கி.மீ.க்கு மேல், மூன்றரை மணிக்குக் குறையாது. ஆடி அமாவாசை, தை அமாவாசை நாட்களில் தீவை விட்டு வெளியே வருவதற்கே கூடுதலாக ஒரு மணி நேரம் வேண்டும். செப்டம்பர் 11-லும் (இமானுவேல் சேகரன் நினைவு நாள்) அக்டோபர் 30-ஐ ஒட்டிய நாட்களிலும் (தேவர் குருபூஜை) பரமக்குடி, பசும்பொன் பக்கம் போக்குவரத்தைத் திருப்பிவிடுவார்கள். அந்தத் தேதிகளில் டிக்கெட் இருந்தால் முந்தின நாளே போய் மதுரையில் தங்கிவிடுங்கள், அல்லது திருச்சியைப் பாருங்கள்.

திருச்சிக்குத் தேவிபட்டினம், தேவகோட்டை, காரைக்குடி, திருமயம், புதுக்கோட்டை வழி. தூரம் அதிகம்தான், ஆனால் ஒரு வசதி இருக்கிறது. விமான நிலையம் புதுக்கோட்டைச் சாலையிலேயே, ஊர் நெரிசலுக்கு முன்னாலேயே வந்துவிடும். தொண்டி, எஸ்.பி.பட்டினம் பக்கத்தாருக்குத் திருச்சிதான் லேசு. சிங்கப்பூர், கோலாலம்பூர் போகிறவர்களுக்கும் அங்கேதான் நேரடி விமானம் தாராளமாகக் கிடைக்கும். மதுரையில் வெளிநாட்டு விமானங்கள் குறைவு, துபாய்க்கும் கொழும்புக்கும் உண்டு.

இடையில் மாறிப் போவது

"நேரடி" என்று சொன்னாலும் இடையில் ஓர் ஊரில் இறங்கி அதே எண்ணில் மறுபடி கிளம்பும் விமானங்கள் இருக்கின்றன. "நான்-ஸ்டாப்பா?" என்று கேட்டு வாங்குங்கள்.

மாறிப் போவதாக இருந்தால் முதல் கேள்வி: இரண்டு விமானமும் ஒரே டிக்கெட்டா? ஒரே டிக்கெட் என்றால் பெரும்பாலும் பெட்டி நேராகக் கடைசி ஊருக்குப் போய்விடும். முதல் விமானம் தாமதமானாலும் அடுத்ததில் ஏற்றிவிடும் பொறுப்பு அவர்களுடையது. காசு மிச்சம் என்று இரண்டு டிக்கெட்டாகத் தனித்தனியே வாங்கினால் பெட்டியை வெளியே எடுத்து மறுபடி போட வேண்டும், அந்த நாட்டுக்குள் நுழைய விசாவும் கேட்கலாம், தாமதமானால் இரண்டாவது டிக்கெட் போனது போனதுதான். முதல் முறை போகிறவர்கள் அந்தப் பக்கமே போக வேண்டாம் என்பது என் அழுத்தமான கருத்து.

தூரம் கூடினாலும் நேரம் குறையும் வழிகள் உண்டு. ராமேஸ்வரத்திலிருந்து லண்டன் போகிறவரை எடுத்துக்கொள்வோம். சென்னை வழியாகப் போனால் வானத்தில் 8,230 கி.மீ. மதுரையிலிருந்து கொழும்பு போய் அங்கிருந்து லண்டன் என்றால் 350-ம் 8,715-ம் சேர்த்து ஒன்பதாயிரத்தைத் தாண்டும். ஆனால் சென்னைக்கு ரயிலில் பதினோரு பன்னிரண்டு மணி நேரம். காலையில் போய் இறங்கினால், விமானம் மறுநாள் விடியற்காலை என்றால் பகலும் இரவும் காத்திருக்க வேண்டும். மதுரைக்கு மூன்றரை மணி நேரக் கார், ஒரு மணி நேர விமானம், கொழும்பில் மூன்று நாலு மணி காத்திருப்பு, அப்புறம் பதினொன்றரை மணி நேரப் பறப்பு. இரண்டையும் தாளில் எழுதிக் கூட்டிப் பார்த்த பிறகு டிக்கெட் எடுங்கள்.

இதை எழுதும்போது தனுஷ்கோடி ஞாபகம் வருகிறது. 1914 முதல் 1964 டிசம்பர் புயல் வரை சென்னையிலிருந்து போட் மெயிலில் வந்து, தனுஷ்கோடியில் கப்பல் ஏறி, தலைமன்னாரில் இறங்கி மறுபடி ரயிலில் கொழும்பு போனார்கள். நடுவில் கடல் முப்பது கி.மீ. அளவுதான். இன்று ராமேஸ்வரத்தில் இருப்பவர் எதிரே இருக்கும் மன்னாருக்குக் கொழும்பு வழியாகப் போவதென்றால் மதுரை வரை பின்னால் போய், கொழும்புக்குப் பறந்து, அங்கிருந்து மணிக்கணக்கில் சாலையில் வடக்கே வர வேண்டும். வாசலுக்கு வாசல் எண்ண வேண்டும் என்று நான் சொல்வதற்கு இதைவிடப் பெரிய சாட்சி வேண்டாம்.

வாசலுக்கு வாசல்

இப்போது அந்தப் பையனின் கணக்கை முழுசாகப் போடுவோம், எல்லாம் நம் ஊர் நேரத்தில். விமானம் 12:00. வெளிநாட்டுப் பயணத்துக்கு மூன்று மணி நேரம் முன்னால் போய்விட வேண்டும், ஆக 9:00. பெட்டி போடும் கவுண்டரைப் பொதுவாக ஒரு மணி நேரம் முன்பே மூடிவிடுவார்கள், அதற்குப் பிறகு கெஞ்சிப் பயனில்லை. சாலைக்கு மூன்று மணி, டயர் பஞ்சருக்கும் தேநீருக்கும் அரை மணி. ஃபஜர் (விடியற்காலைத் தொழுகை) முடிந்த கையோடு 5:30-க்கு வண்டி எடுக்க வேண்டும். 16:15-க்கு விமானம் இறங்கும். இமிக்ரேஷன், பெட்டி, டாக்சி என்று ஒன்றரை மணி. அறைக்குப் போய்ச் சேர 17:45. மொத்தம் பன்னிரண்டே கால் மணி நேரம், அதில் பறப்பது நாலே கால். சாப்பாட்டையும் தூக்கத்தையும் அந்தப் பன்னிரண்டுக்குத் திட்டமிடுங்கள்.

சர்க்கரைக்கு ஊசியோ மாத்திரையோ எடுக்கும் வயதானவர்கள் கூட வந்தால், நேரம் மாறும் நாளில் எப்போது எடுப்பது என்று ஊரில் இருக்கும்போதே டாக்டரிடம் கேட்டு அதே தாளில் எழுதிக்கொள்ளுங்கள். மருந்தைக் கைப்பையில் வையுங்கள், பெரிய பெட்டியில் அல்ல. உம்ராவுக்குப் போகிறவர்கள் ஜித்தாவில் இறங்கி இஹ்ராம் (உம்ராவுக்கான உடை) கட்டிக்கொள்ளலாம் என்று இருந்துவிடக் கூடாது. இஹ்ராமோடு இருந்தாக வேண்டிய மீகாத் எல்லை விமானம் இறங்குவதற்கு முன்பே வந்துவிடும். சென்னையிலேயே உடுத்திக்கொண்டு ஏறிவிட்டால், விமானத்தில் அறிவிப்புச் செய்யும்போது நிய்யத் (மனதில் எண்ணம்) வைத்துக்கொள்ளலாம்.

அந்தத் தாளை இரண்டு பிரதி எடுங்கள். ஒன்று பாஸ்போர்ட்டோடு இருக்கட்டும். இன்னொன்றில் விமான எண், நம் ஊர் நேரப்படி இறங்கும் மணி, அதன் கீழே "இத்தனை மணிக்குத்தான் போன் வரும்" என்று இறங்கியதிலிருந்து இரண்டு மணி நேரம் கூட்டி எழுதி, வீட்டில் உம்மாவிடம் கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள். அந்தப் பையனின் தாளில் 18:15 என்று எழுதிக் கொடுத்தேன். 18:05-க்கே கூப்பிட்டுவிட்டான்.